ஓணான் ஆட்டிய தலை

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் பேசிக்கொண்டிருந்தபோது, ஓணானுக்கும் குரல் இருந்தது. ஏதோ கீச்சுக் குரல் என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்ற குரல். அது எங்கே தொலைந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஊருக்கு வெளியே ஒரு புங்க மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. கொண்டலாத்திப் பறவைதான் டீச்சர். தங்கமானவர், ஆனால் கோபம் வந்தால் தலைக் கொண்டை விசிறி மாதிரி விரிந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் ஓணானுக்கு அது இரண்டாவது வருஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அணில். ஓணானுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான்.

முதல் வருஷம் ஓணான் ஒரு கேள்வி கேட்டது.

"டீச்சர், மண்ணுக்குள்ள விதை எப்படி மூச்சு விடும்?"

வகுப்பே சிரித்தது. தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டது. டீச்சருக்கே அலகு கொஞ்சம் கோணியது. கேட்டது தப்பா, கேட்ட விதம் தப்பா என்று ஓணானுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அது ஒன்றை மட்டும் கண்டுபிடித்தது. "புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்கும்போது தலையை ஆட்டிவிட்டால் யாரும் சிரிப்பதில்லை. இதைவிட சௌகரியம் வேறு என்ன வேண்டும்? அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் தலையாட்டல்தான்.

இரண்டாவது வருஷம் இளவேனில் வந்தது. "புத்தகத்தை மூடுங்க, வெளியே போவோம்" என்றார் டீச்சர். வேப்பம்பூவைப் பொறுக்கி மோந்து பார்த்தார்கள். மாந்தளிரைத் தொட்டுப் பார்த்து நிறம் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஓணானுக்குத் தலை சுற்றியது. எல்லாம் புதிதாக வருகிற காலம் என்கிறார் டீச்சர். புங்க மரமோ இருக்கிற இலையையும் கொட்டுகிறது. கசக்கிற வேம்பில் தித்திப்பான வாசனை அடிக்கிறது. இலை பச்சை என்று போன வருஷம் உருப்போட்டாயிற்று. இப்போது மாமரம் சிவப்பு இலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதைத்தான் நம்புவது?

அப்போதுதான் டீச்சர் விதைகளைக் கொடுத்தார். இரண்டு பேருக்கு ஒரு கொட்டாங்குச்சி, அதில் ஈர மண், மண்ணில் பாதி புதைந்தும் புதையாமலும் ஒரு மொச்சைக்கொட்டை.

"யார் விதை முளைக்குதோ, அந்த ரெண்டு பேரும் ரெண்டாம் வகுப்புக்குப் போகலாம். முளைக்கலைன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கேதான்" என்றார்.

மூன்றாவது வருஷமும் அதே இடமா? அதைவிட, தன்னோடு சேர்ந்து அணிலும் இங்கேயே கிடக்குமே என்ற நினைப்புதான் ஓணானை வாட்டியது. அந்தக் கலக்கத்தில் டீச்சர் மேற்கொண்டு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. போதாக்குறைக்கு ஒரு புங்க இலை மெல்லச் சுழன்று மூக்கின்மேல் விழுந்தது. இது ஏன் இப்போது விழுகிறது என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "புரிஞ்சுதா?" என்ற குரல் கேட்டது.

ஓணான் தலையை ஆட்டியது.

சாயங்காலம் அணில் கொட்டாங்குச்சியை ஓணானிடம் கொடுத்தது. "எங்க வீட்ல கூடு கட்டுறோம். நார் சுமக்க அம்மா கூப்பிட்டிருக்கா. நான் வர பத்து நாளாகும், நீதான் பாத்துக்கணும். டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

கேட்டிருக்கலாம். டீச்சர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அணில் சிரித்திருக்காது, அது அப்படிப்பட்டதும் இல்லை. ஆனால் வாய் திறப்பதற்குள் பழகிப்போன தலை ஆடிவிட்டது.

மறுநாள் முழுக்க ஓணான் கொட்டாங்குச்சியை விட்டு நகரவில்லை. வெயில் பட்டால் நிழலுக்கு இழுத்தது. மண் காய்ந்தால் வாயில் தண்ணீர் கொண்டுவந்து விட்டது. விதை கொழுகொழுவென்று ஊறியது. ஓணானுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் காலை வந்து பார்த்தால், விதையின் தோல் நீளவாக்கில் வெடித்திருந்தது.

ஓணானுக்கு உயிரே போய்விட்டது. உடைந்துவிட்டதே! அதிகமாகத் தண்ணீர் விட்டுவிட்டேனா? உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கிறதே, குடலா? யாரிடம் கேட்பது? டீச்சரிடம் போனால், "அன்னிக்குத் தலையாட்டினியே" என்பார். தவளையிடம் கேட்டால் குளம் முழுக்கச் சிரிக்கும்.

மரப்பொந்தில் ஒரு சிலந்தி வலை இருந்தது. ஓணான் நூலை இழுத்துக்கொண்டு வந்தது. வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, எட்டிப் பார்த்த வெள்ளையை மெதுவாக உள்ளே தள்ளி, சுற்றிச் சுற்றி இறுகக் கட்டியது. "சரியாயிடும், சரியாயிடும்" என்று விதையிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அது எவரிடமும் பேசவில்லை.

அணில் திரும்பி வந்த அன்று டீச்சர் எல்லாக் கொட்டாங்குச்சிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். தவளையுடையதில்கூட இரண்டு இலை விரிந்திருந்தது. ஓணானுடையதில் நூல் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று அழுகிக் கிடந்தது.

டீச்சரின் கொண்டை விரியவில்லை. நூலைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வெடிச்சாத்தான் முளை வெளியே வரும், பயப்படாதீங்க, தொடாதீங்கன்னு சொன்னேனே. காதுல விழலையாடா?"

ஓணான் அணிலைப் பார்த்தது. அணில் அழுகிய விதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் ஓணானின் கழுத்தில் ஏறி, கன்னத்தில் ஏறி, தலை முழுக்கச் சிவந்துபோயிற்று.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு விதையை எடுத்து முன்னால் வைத்தார். "சரி, கடைசியா ஒரு வாய்ப்பு. இது வெடிக்கும்போது நீ என்ன செய்யணும்? வாயத் திறந்து சொல்லு. சரியாச் சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுறேன்."

ஓணானுக்குப் பதில் தெரியும். ஒன்றும் செய்யக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். புங்க மரம் இலை கொட்டியது ஏன், மாந்தளிர் சிவந்தது ஏன் என்பதுகூட ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் முழுதாகப் புரிந்திருந்தது. வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. மறுபடி திறந்தது. ஒரு சத்தமும் இல்லை. வகுப்பில் எவ்வளவு காலம் பேசாமல் கிடந்த தொண்டை! அதற்குத் தெரிந்த ஒரே வழி மிச்சமிருந்தது. தலையை ஆட்டியது, வேகவேகமாக, மேலும் கீழும்.

"பாரு, இப்பவும் தலையத்தான் ஆட்டுறான்" என்று டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"இல்ல டீச்சர்" என்றது அணில். "இவன் இப்ப தெரிஞ்சுதான் ஆட்டுறான். எனக்குத் தெரியும்."

"எப்படிம்மா நம்புறது? அன்னிக்கும் இதே மாதிரிதானே ஆட்டினான்?"

ஓணான் ஓடிப்போய் வேலியின் உச்சியில் ஏறிக்கொண்டது. அங்கிருந்தும் வகுப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அணில் மட்டும் கீழே நின்று, திரும்பத் தன் தலையை ஆட்டியது.

அன்று முதல்தான் ஓணானுக்குக் குரல் இல்லாமல் போனது. இளவேனில் வந்தால் கழுத்துச் சிவக்க வேலிமேல் ஏறி நின்று நம்மைப் பார்த்துத் தலையாட்டுகிறது, அது புரிந்து ஆட்டுகிறதா புரியாமல் ஆட்டுகிறதா என்பது அணிலைத் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது.