திருக்கை தந்த செருப்பு

அந்தக் காலத்தில், கடல் உயிர்கள் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ராக்கு என்ற மீனவப் பெண்ணுக்குப் புருஷன் காலைப் பற்றிய கவலைதான் முழுநேர வேலை. அவள் புருஷன் சாத்தையா வத்தை என்னும் சின்னப் படகில் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, நடந்தே வலை வீசுவான். அடியில் கிடக்கும் சிப்பிகள் அவன் பாதத்தைக் கிழித்துப் போட்டிருந்தன. இன்னொரு கீறல் விழுந்தால் கால் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ராக்கு செருப்புத் தேடினாள். தோல் செருப்பு தண்ணீர் குடித்துக் கனத்தது. சேறு அதைப் பிடுங்கிக்கொண்டது. கட்டைச் செருப்பு கழன்று மிதந்தது. அதைத் துரத்திப் பிடிப்பதே சாத்தையாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. தினமும் அவளும் கூடப் போய், வத்தையின் விளிம்பைப் பிடித்தபடி, தண்ணீரில் ரத்தம் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு இறங்கவில்லை.

அப்போதெல்லாம் திருக்கை மீன் மணலுக்கு மேலேயே படுத்திருக்கும். வாலில் முள் உண்டு; யாரையும் குத்தியதில்லை. ராக்கு தவிப்பதைப் பார்த்து ஒரு தாய்த் திருக்கை வத்தையருகே வந்தது.

"செத்துப்போன எங்க அக்கா தோல் கிடக்கு. சொரசொரப்பு, வழுக்காது. சிப்பியும் கிழிக்காது. அதுல செருப்புத் தச்சுக்க. ஆனா அதைப் போட்டா காலுக்குக் கல்லும் தெரியாது, எம்பிள்ளையும் தெரியாது. பாதத்தைத் தூக்காம, மணல்ல தேச்சு நடக்கச் சொல்லு. அசைவு தெரிஞ்சு என் குஞ்சுக விலகிக்கும்."

"நான் பொறுப்பு, தாயி" என்றாள் ராக்கு.

ஏழு நாள் கீறல் இல்லை. அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. "காலைத் தூக்காதீங்க" என்று ஓயாமல் சொன்னாள்.

"தூக்கலை புள்ள. நீ முதல்ல மூச்சு விடு" என்று சிரித்தான் சாத்தையா.

எட்டாம் நாள் மடவைக் கூட்டம் துள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவு மீனை இருவரும் கண்டதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஆழத்துக்குத் திரும்பியது.

"ஓடுங்க, போயிரப் போகுது." சொன்னது ராக்குதான். சாத்தையா காலைத் தூக்கி ஓடினான். மூன்றாவது எட்டில் எதை மிதித்தோம் என்பது அவனுக்குத் தெரியவே இல்லை. மேலே மிதந்து வந்த குஞ்சின் வெள்ளை வயிற்றைப் பார்த்தது ராக்குதான்.

தாயும் பார்த்தது. செருப்புக்கு மேலே, கணுக்காலில் முள்ளை இறக்கிவிட்டு, மிச்சக் குஞ்சுகளோடு மணலுக்குள் புதைந்துகொண்டது.

சாத்தையா பிழைத்தான், கால் தேறவில்லை. கடைசிவரை அதை இழுத்து இழுத்தே நடந்தான். ராக்கு தினமும் அந்த இடத்துக்குப் போய், மன்னிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். மணல் அசையவில்லை.

அன்று முதல்தான் திருக்கை பேச்சை விட்டு மணலைப் போர்த்திப் படுக்கிறது. அன்று முதல்தான் அந்தக் கரையில் தண்ணீரில் இறங்குகிறவர்கள், எந்தச் செருப்பைப் போட்டிருந்தாலும், பாதத்தைத் தேய்த்தே நடக்கிறார்கள். எவ்வளவு மீன் துள்ளினாலும், வத்தையில் இருப்பவர்கள் யாரையும் ஓடச் சொல்வதில்லை.