அறாத மாலை

“என் மாலையில என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லேன் தாயி,” என்றார் வைரக்கண்ணு.

குஞ்சம்மாள் பிள்ளை தூங்கும் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அவர் நீட்டிய மாலையை வாங்கினாள். இரண்டு கையாலும் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

மாலை அப்படியே இருந்தது.

“இன்னும் வரல மாமா,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

வைரக்கண்ணு கயிறு திரிக்கிறவர். அவர் திரித்த கயிறு அறுந்து ஒரு வாளிகூட ஊர்க் கிணற்றில் விழுந்ததில்லை.

ஒரு மாட்டுப் பொங்கலன்று, குஞ்சம்மாள் கோத்த நெட்டி மாலை ஒரு பசுவின் கழுத்தில் ஆடுவதைப் பார்த்தார். குளத்தில் விளைகிற நெட்டித் தண்டை உலர்த்தி, பூப்பூவாகச் சீவி, சாயத்தில் முக்கி, தாழை நாரில் கோத்தது. ரோஸும் பச்சையும் மஞ்சளுமாக, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. பசுவே கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி தலையைத் தலையை அசைத்தது.

மறுநாளே போய், தன் மகள் வயசுக்காரியிடம் எனக்கும் கற்றுக்கொடு என்று கேட்டார்.

அவருக்கு ஒரே ஆசைதான். அவர் வீட்டில் பிறந்து, அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கன்று இப்போது கோயில் காளையாக நிற்கிறது. இந்தப் பொங்கலுக்கு அதன் கழுத்தில் அவர் கையால் கோத்த மாலை விழ வேண்டும். ஆனால் குஞ்சம்மாள் சரி என்று சொல்லாத மாலை கோயில் வாசலுக்குப் போகாது. அது ஊர் வழக்கம்.

பூச் சீவுவதில் அவர் அவளையே மிஞ்சிவிட்டார். அதை அவளே நாலு பேரிடம் சொல்லிப் பூரித்திருக்கிறாள். அப்படியும் இழுத்துப் பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள்.

பலம் போதவில்லை போலிருக்கிறது என்று அவர் நாரை இரட்டையாக முறுக்கினார். அதுவும் திரும்பி வந்தது. மூன்று புரியாகத் திரித்தார். அதுவும் வந்தது. பொங்கலுக்கு மாலை கோக்கிறீரா, யானை கட்டப் போகிறீரா என்று அவர் பெண்சாதி கேலி செய்தாள்.

போகியன்று காலையில் கடைசியாக ஒன்றைக் கொண்டுவந்தார். விரல் எல்லாம் கன்றிப் போயிருந்தது.

குஞ்சம்மாள் இதை இழுத்துப் பார்க்கவில்லை.

“கழுத்துல போட்டுக்கங்க மாமா.”

கூச்சத்தோடு போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் வேலியில் ஒரு கழி துருத்திக்கொண்டிருந்தது. மாலையின் பின்பக்கத்தை அதில் மாட்டினாள்.

“ஓடுங்க.”

“எங்க?”

“மாடு கேட்டுக்கிட்டா ஓடும்?”

ஓடினார். இரண்டாவது அடியில் கழுத்து இறுகியது. மூச்சு நின்று, கண் பிதுங்கி, தொப்பென்று உட்கார்ந்தார். பூ ஒன்றுகூட உதிரவில்லை.

குஞ்சம்மாள் மாலையைக் கழற்றிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தான் கோத்த மாலை ஒன்றை எடுத்து வந்து போட்டாள். அதே கழியில் மாட்டினாள்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

“ஓடுங்க மாமா.”

கண்ணை மூடிக்கொண்டு ஓடினார். பின்னால் பட் என்று ஒரு சின்னச் சத்தம். தெருமுனை வரைக்கும் நிற்கவே இல்லை. நின்று திரும்பிப் பார்த்தார். வந்த வழியெல்லாம் ரோஸும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தாழை நாரில் மெல்லியதாக ஒற்றை இழை உரித்தார். கை தானாக முறுக்கப் போனது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, மூச்சு விட்டு, மறுபடி எடுத்தார்.

வெயில் ஏறும்போது மாலையை நீட்டினார். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

குஞ்சம்மாள் வாங்கி இழுத்தாள்.

மாலை அறுந்து, வாசலெல்லாம் பூ சிதறியது.

“இதே மாதிரி இன்னொண்ணு கோத்து, காளைக்குக் கொண்டு போங்க மாமா,” என்றாள்.