குடைக்காரர் கட்டிய வீடு

உலக்கையூர் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கேதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. அங்கே மாசிலாமணி என்று ஒருவன் இருந்தான். எதையும் நாலு தடவை யோசிக்கிறவன். யோசித்து முடித்தபின், யோசித்தது சரிதானா என்று வேறு யோசிப்பான். அதற்குள் காரியம் தன் போக்கில் நடந்து முடிந்திருக்கும்.

அவன் வீட்டுக் கூரை விழுந்ததும் அப்படித்தான். விட்டத்தில் கறையான் ஏறுவதை மூன்று வருஷமாகப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தான். ஆவணியில் ஒரு மழை வந்தது. கூரை மொத்தமாக இறங்கி அடுப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. அவன் மனைவி சிட்டம்மாள் கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அண்ணன் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினாள்.

"அடுப்பு நனையாத வீட்டைக் கட்டிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன். ஐப்பசி பொறந்தாச்சுன்னா கூப்பிடவே வேண்டாம்."

மாசிலாமணி இடிந்துபோனான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷமாக அவள் திட்டுவதைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவனுக்கு, அது இல்லாமல் கண் மூடவில்லை.

சிட்டம்மாளின் அண்ணன் பூவலிங்கம் ஒருநாள் வந்து பார்த்தார். இந்தக் கதையில் புத்தியுள்ள ஆள் அவர் ஒருவர்தான். அதற்கான பலனைப் பின்னால் அனுபவித்தார்.

"மாப்பிள்ளை, முதல்ல வர்ற ஆள்கிட்டயே வேலையைக் குடுத்துராதீங்க. மூணு பேர்கிட்ட கேளுங்க. ரொம்பக் கம்மியாச் சொல்றவன் வேலையைக் கெடுப்பான், ரொம்பக் கூடச் சொல்றவன் உங்களைக் கெடுப்பான். நடுவுல சொல்றவனைப் பிடிங்க. அவன் முன்னால செஞ்ச வேலையைப் போய்ப் பாருங்க. வேலை நடக்கும்போது ஆள்மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

மாசிலாமணி இதை மனப்பாடம் செய்து, தன் கூட்டாளிகள் மூவரிடமும் ஒப்பித்தான். தவசி, ஒரு தடவை கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனவன். அதனால் ஊரில் சட்டம் அவன்தான். வெயிலானுக்கு எதிலும் சந்தேகமே வராது. சொக்கன் கடைசியாகப் பேசியவர் பக்கம் சேர்ந்துகொள்வான்.

ராயப்பன் மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டினார், கயிறு பிடித்து அளந்தார், ஓட்டுக்கூரை போட்டு இருபது மூட்டை நெல் ஆகும் என்றார். காளிமுத்து மேஸ்திரி சைக்கிளை விட்டு இறங்காமலே பத்து மூட்டை என்றார். சுற்றுவட்டாரத்தில் மூன்றாவது மேஸ்திரி கிடையாது. மாசிலாமணிக்குக் கவலை வந்துவிட்டது. இரண்டு பேரில் நடுவில் இருப்பவன் யார்?

"உங்க மச்சான் மூணு பேர்னுதானே சொன்னார்? மூணு மேஸ்திரின்னு சொன்னாரா?" என்று கேட்டான் தவசி.

சொல்லவில்லைதான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குடை ரிப்பேர் செய்யும் நல்லதம்பி, தோளில் ஒடிந்த குடைகளோடு கூவிக்கொண்டு வந்தார். நாலு பேரும் அவரை மறித்து, வீடு கட்ட என்ன கேட்பீர் என்றார்கள். அவர் நல்ல மனிதர். தான் குடை தைக்கிறவன் என்று மூன்று தடவை எடுத்துச் சொன்னார். தன்னடக்கமான ஆள் என்று இவர்களுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. கடைசியில் அவர், மற்றவர்கள் எவ்வளவு சொன்னார்கள் என்று விசாரித்தார். சொன்னார்கள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு மூட்டைங்க" என்றார்.

நடு ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்தது, அவர் முன்னால் செய்த வேலையைப் பார்ப்பது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் அவர் தைத்த குடை ஒன்று இருந்தது. நாலு பேரும் போய், அதை விரித்துப் பிடிக்கச் சொல்லி, சுற்றிவந்து பார்த்தார்கள். இதில் எத்தனை பேர் இருக்கலாம் என்று மாசிலாமணி மரியாதையாகக் கேட்டான். ஒருத்தர் தாராளமாக இருக்கலாம் என்றார் வாத்தியார்.

அதற்குள் வெயிலான் தண்ணீர்க் குடத்தோடு மதில்மேல் ஏறியிருந்தான். மொத்தத் தண்ணீரையும் குடைமேல் கவிழ்த்தான். வாத்தியாருக்கு முழங்காலுக்குக் கீழேதான் நனைந்தது. தலையில் ஒரு சொட்டு இல்லை. அவர் குடையை மடக்கி, அதனாலேயே வெயிலானை இரண்டு போட்டார். கம்பி ஒன்றுகூட வளையவில்லை என்பதைத் தவசி குறித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது சொக்கன் ஒரு விஷயத்தைக் கிளப்பினான்.

"அதுல ஒத்தைத் தூண்தானே இருக்கு?"

"நம்ம மாசிலாமணி அண்ணன் வீட்டுல நாலு தூண் இருந்துச்சே, நின்னுச்சா?" என்றான் வெயிலான். "தூண் கூடக்கூட, விழறதுக்கும் ஆள் கூடுதுன்னு அர்த்தம்."

நல்லதம்பி வேலையை ஆரம்பித்தார். தனக்குத் தெரிந்ததைத்தானே மனிதன் செய்ய முடியும். பழைய மண்சுவரை அகற்றிவிட்டு, நடுவில் ஒரு பனைமரத்தை நட்டார். அதன் உச்சியிலிருந்து சுற்றிலும் மூங்கில்களைக் கட்டி, மேலே தார்ப்பாயைத் தைத்தார். கிணற்றில் இருந்த ராட்டினத்தைக் கழற்றிப் பனையில் மாட்டிக் கயிறு கோத்தார். இழுத்தால் விரியும், விட்டால் மடங்கும்.

ஆள்மேல் ஒரு கண் வைப்பதில்தான் சிக்கல் வந்தது. நாலு பேருக்கு எட்டுக் கண். மச்சான் சொன்னதோ ஒன்று. அரைநாள் விவாதித்து, மற்ற மூவரும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வது, வீட்டுக்காரன் என்ற முறையில் மாசிலாமணி மட்டும் ஒன்றைத் திறந்து வைப்பது என்று முடிவானது. நல்லதம்பி சாப்பிடப் போனால் பின்னால் போனார்கள், குளிக்கப் போனால் கரையில் நின்றார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவர் சொக்கன் கையில் காசு போட்டார். இவர்கள் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலை நடந்த இடத்திலிருந்து ஏழு மூங்கிலை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்மேல் கண் வைக்க யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் ராயப்பன் மேஸ்திரி அந்த வழியாக வந்தார். நின்று பார்த்தார். சுவர் எங்கே என்று கேட்டார்.

உண்மையில் மாசிலாமணிக்கும் ஐந்தாறு நாளாக அந்த உறுத்தல் இருந்தது. வெளியே கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை. உலகத்தில் எல்லோரும் நம்புகிற ஒன்றை நான் மட்டும் ஏன் சந்தேகப்படுகிறேன், இது என் பிறவிக் குணமா என்று தன்னையே நொந்துகொண்டிருந்தான். பதிலை வெயிலான் சொன்னான்.

"இருந்த சுவர் என்ன பண்ணுச்சு மேஸ்திரி? கூரை விழும்போது ஒண்ணாவது கையை நீட்டிப் பிடிச்சுதா?"

ராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாசிலாமணியின் உறுத்தலும் அவரோடு போயிற்று.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. நெல்லை வண்டியில் ஏற்றிவிட்டு நல்லதம்பி, எல்லோரிடமும் சொல்வதை இவர்களிடமும் சொன்னார். மழை பெய்தால் விரியுங்கள், நின்றதும் மடக்கிவிடுங்கள், வெயிலில் விரித்தால் துணி கெட்டுவிடும்.

மறுநாள் பூவலிங்கம் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல வெயில். வெட்டவெளியில், தார்ப்பாய் சுற்றிய ஒரு பனைமரம் நின்றது. பக்கத்தில் மாசிலாமணி புது வேட்டியோடு நின்றான், பின்னால் கூட்டாளிகள் மூவரும்.

"வீடு எங்க?" என்றாள் சிட்டம்மாள்.

"மடக்கி வச்சிருக்கேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. திரும்பிப் போவதற்கு அவள் முந்தானையை இழுத்துச் செருகியபோது வானம் இருட்டி, சடசடவென்று இறங்கியது. நாலு பேரும் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து, வெளியே இருந்த முளையில் கட்டினார்கள். வீடு விரிந்தது.

மழை சுற்றிலும் கொட்டியது. பனைமரத்தின் காலடியில் புது அடுப்பு காய்ந்த மண்ணாக இருந்தது. சிட்டம்மாள் குனிந்து அடுப்பைத் தொட்டாள், மேலே பார்த்தாள், மறுபடியும் தொட்டாள். என்ன நினைத்தாளோ, விறகை எடுத்து வைத்தாள். மாசிலாமணி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு கொதிக்கிற வாசனை வந்தபோதுதான் மூச்சு விட்டான்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பூவலிங்கம், தான் வந்த காலமே சரியில்லை என்ற முகத்தோடு பனையில் சாய்ந்து கண்ணை மூடினார். சிட்டம்மாள் கொள்ளியை அணைத்துவிட்டு, அடுப்போரம் உட்கார்ந்து பானையைத் துடைத்தாள். கூட்டாளிகள் மூவரும் கைகழுவ வெளியே போனார்கள். மாசிலாமணியும் போனான்.

மழை நின்றது.

"அண்ணே, நின்னுருச்சு" என்றான் தவசி.

மாசிலாமணி முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு யோசித்தான். மடக்கலாமா? உள்ளே ஆள் இருக்கிறதே. ஆனால் ஆள் இருந்தால் மடக்கக் கூடாது என்று நல்லதம்பி சொன்னாரா? நாலு தடவை நினைவுபடுத்திப் பார்த்தான். சொல்லவில்லை. கயிற்றை விட்டான்.

வீடு மெதுவாக, நல்ல வேலைப்பாட்டோடு, இருவரையும் உள்ளே வைத்து மடங்கிக்கொண்டது. முதலில் ஒரு பானை உருண்டது. பிறகு பூவலிங்கத்தின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, விரிங்க."

மாசிலாமணியின் கை கயிற்றுக்குப் போயிற்று. தவசி அதைப் பிடித்துக்கொண்டு வானத்தைக் காட்டினான். பளிச்சென்று வெயில்.

மாசிலாமணி தார்ப்பாயில் வாயை வைத்து, அன்பாகக் கேட்டான்.

"சிட்டு, உள்ள எங்கயாவது நனையுதா?"



"இல்லை" என்று பல்லைக் கடித்த குரல் வந்தது.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டைப் பற்றிக் குறை சொல்லாதது பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நாலு பேரும் மடக்கிய வீட்டைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, அடுத்த மழைக்கு வானத்தில் மேகம் தேட ஆரம்பித்தார்கள்.