முத்தழகி உட்கார்ந்த இடம்

“என் பணிப்பதிவேட்டில் இன்னும் ஆண் என்றே இருக்கிறது, குருவே” என்றாள் முத்தழகி.

நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் அவளுக்கு வேலை. வருகிற தை மாதம் ஓய்வு.

குரு அவளைவிட வயதில் இளையவர்.

“மாற்றித் தரும்படி கேட்டீர்களா, அம்மா?”

“கேட்டேன். திருநங்கை என்று அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டையையும் காட்டினேன். எழுத்தர் நல்ல மனிதர்தான். ‘கம்ப்யூட்டர்ல மாத்த முடியலையேம்மா’ என்கிறார். வாய் நிறைய அம்மா என்கிறார். எழுதத்தான் கை வரவில்லை.”

குரு சிரித்தார். அவளும் சிரித்தாள்.

“ஏன் வரவில்லை?”

“முன்பு இருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார். அவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். யாரும் தலை நிமிர்ந்து என்னைக் கேட்டதில்லை.”

“மாறினால் என்ன கிடைக்கும்?”



“கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் ஓய்வு ஆணையை வாசிப்பார்கள். அன்றைக்காவது அதில் நான் இருக்க வேண்டும்.”

குரு பதில் சொல்வதற்குள் மாலை மணி அடித்தது. உரை கேட்க ஆட்கள் வந்தார்கள்.

மடத்தின் கூடத்தில் இரண்டு பாய்கள். இடப்பக்கம் ஆண்களுக்கு, வலப்பக்கம் பெண்களுக்கு. முந்தைய குருவின் காலத்து வழக்கம்.

முத்தழகி எப்போதும்போல வாசலருகே, செருப்புகளுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

வருஷக்கணக்காக அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். அது பணிவு என்று குரு நினைத்திருந்தார். பிறரிடம் மெச்சியும் பேசியிருக்கிறார்.

இன்று அவர் பேச வாயெடுத்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். எழுந்து வாசலுக்குப் போனார்.

“ஏன் இங்கேயே உட்காருகிறீர்கள்?”

“எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நீங்களும் கேட்கவில்லை.”

“இப்போது கேட்கிறேன், அம்மா. எங்கே உட்கார ஆசை?”

முத்தழகி வலப்பக்கப் பாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்த கோமதி நகர்ந்து இடம்விட்டாள்.

“வாங்கக்கா. அங்கே ஈரம் வேற.”

முத்தழகி போய் உட்கார்ந்தாள். பாயின் ஓரத்தை விரலால் தடவினாள்.

குரு திரும்பி வரவில்லை. அவள் விட்டுப்போன இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

“உரை, குருவே?” என்றார் ஒருவர்.

“இன்று இல்லை. காலையில் முத்தழகி அம்மாவோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போகிறேன்.”

“அந்த எழுத்தருக்குப் புத்தி சொல்லவா?” என்றாள் முத்தழகி.

“எந்த வாயால் சொல்வேன்? இத்தனை நாளும் அவர் வேலையைத்தானே நானும் பார்த்தேன்.”