ஜெனரலோட காவல் முறை

ஏழு கடல் தாண்டியெல்லாம் இல்லடி, குரோஷியான்னு நெஜமாவே ஒரு சீமை இருக்கு. அங்க ஒரு ஊர்ல ஒரு பிரபு. பேரு வுக்மிர். மீசை முறுக்கிவிடவே தனியா ஒரு ஆள் வெச்சிருந்தான்னா பாத்துக்கோ. "ம்" கொட்டுடி, அத்தை சுவத்துக்கா சொல்றேன்?

அது ஆத்தங்கரை ஊரு. அக்கரையிலேர்ந்து கொள்ளைக்காரங்க படகுல வந்து புள்ளைங்களப் புடிச்சுட்டுப் போயிடுவானுங்க. அதனால வீட்டுக்கு ஒரு ஆளு முறை வெச்சு காவல் கோபுரத்துல நிக்கணும். பிரபு வீடுன்னாலும் நின்னுதான் ஆகணும்.

இந்தப் பெரிய மனுஷனுக்கு அது கேவலமாப் போச்சு. "நான் சக்கரவர்த்திகிட்டப் போய் ஜெனரல் ஆகப்போறேன்"னு குதிரையேறி டடக் டடக்னு போயிட்டான். பொண்டாட்டி தோராவையும் பையன் லோவ்ரோவையும் திரும்பிக்கூடப் பாக்கல.

அப்புறம், அக்கரையில படகு கட்டுற சத்தம், டொக்கு டொக்கு. "வந்துருங்க"ன்னு தோரா ஆள் அனுப்புனா. "இப்பத்தான் கேப்டன் ஆக்கியிருக்காங்க, எப்படி வர்றது?"ன்னுட்டான். அப்புறம் வைக்கப்போருக்குத் தீ வெச்சானுங்க. மறுபடி ஆள் அனுப்புனா. "கர்னல் ஆயிட்டேன், பொறு"ங்கிறான். மூணாவது தடவ, "உங்க முறைக்கு நம்ம பையன் நிக்கிறான், பதினாறு வயசுதான், ஒடனே வாங்க"ன்னு சொல்லியனுப்புனா. அப்போ தொரை என்ன பண்ணிட்டிருந்தாரு தெரியுமா? ஜெனரல் ஆயிட்டாராம், படம் வரையறவன் முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு மூணு வாரமா நிக்கிறாரு! த்தூ!

படம் முடிஞ்சுதான் வந்தாரு. தமுக்கு தடதட, பதக்கம் கலகல. "ஜெனரல் வந்திருக்கேன், எங்க என் பையன்? வரச்சொல்லு!"ன்னு வாசல்லயே அதிகாரம்.

தோரா சொன்னா: "போன வாரம் முப்பது படகு வந்துச்சு. அவன்தான் மொதல்ல பாத்தான். அம்பு தைச்சப்புறமும் கோபுரத்து மணிக்கயித்த விடல, டாண் டாண்னு அடிச்சுட்டே இருந்தான். ஊரே ஓடிவந்து வெரட்டிட்டோம். ஒரு வீட்டுப் புள்ளையும் போகல. நம்ம வீட்டுப் புள்ளையத் தவிர."

ஆமாண்டி, செத்துட்டான்.

அப்போ அழுதான் பாரு அந்த அப்பன்காரன், அப்படி அழுதான். பதக்கத்தையெல்லாம் பிச்செடுத்து மகன் சமாதி மேல வெக்கப் போனான். தோரா கையத் தட்டிவிட்டா.

"இத வெச்சு அவன் என்ன பண்ணுவான்? இன்னிக்கு நம்ம வீட்டு முறை. போயி நில்லுங்க."

கோபுரத்துல ஏறிப் போனான். அதுக்கப்புறம் அந்தூர்ல அவன ஜெனரல்னு ஒருத்தரும் கூப்பிடல. கீழேர்ந்து "ஏய்யா, படகு எதுனா தெரியுதா?"ன்னு மட்டும் கேப்பாங்க.

அவ்வளவுதாண்டி. கண்ணத் தொடச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படு.