முகவரிக்கு வந்த நான்காம் புள்ளி

எழுத்துகளும் சொற்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு பிற்பகல், நாட்டின் பெயர்ப்பதிவு மண்டபத்தில் இருந்தவர்கள் ஐவர். பதிவேட்டைக் காத்த அகரம். வாசற்படியில் நின்ற 'ப்' என்னும் மெய்யெழுத்து. மாலை என்ற ஒரே பெயருடைய இருவர்: பூவில் பிறந்த பூமகள், பொழுதில் பிறந்த அந்தியார். மூலையில், எவரும் அழைக்காமல் வந்து அமர்ந்த ஆய்தம். அதற்கு அப்போது நான்கு புள்ளிகள்.

வழக்கு எளியது. முந்திய நாள் ஒரு திருமண வீட்டார், "மாலை உடனே வரவும்" என்று ஓலை அனுப்பினார்கள். கொண்டுபோனவன் அதை அந்தியாரிடம் கொடுத்துவிட்டான். மணமக்கள் வெறுங்கழுத்துடன் நின்றார்கள்.

"நான்தான் போனேனே! விளக்குகூட ஏற்றினார்கள்," என்றார் அந்தியார்.

"உங்களைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியுமா, ஐயா?" என்றாள் பூமகள்.

அகரம் ஏட்டைத் திறந்தது. "ஒரு பெயர் ஒருவருக்கே. முதலில் வந்தவருக்கு அது சொந்தம். மற்றவர் பெயரின்றிப் போக வேண்டும்."

பூமகள் விடியலிலேயே வந்து காத்திருந்தவள். அவள் இதழோரங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. அந்தியார் வழக்கம்போல் பகல் சாய்ந்த பிறகே வந்திருந்தார். அவர் முகம் இருண்டது.

"பெயர் இல்லாவிட்டால் என்னை யார் அழைப்பார்கள்? பகல் முடிந்த மறுகணமே இருட்டுதானா?"

பூமகள் சற்று யோசித்தாள். "எனக்குப் பெயர் வேண்டும். இவரிடமிருந்து பறித்துத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பெயரோடு எங்கள் குலத்தையும் எழுதினால் என்ன?"

அகரத்துக்கு அது சரியாகப் பட்டது. "எழுதலாம். அவரவர் பெயர் முன்னால் நிற்கட்டும், அடுத்துக் குலம், கடைசியில் நாடு நின்று தாங்கட்டும். தேடி வருபவன் கடைசியிலிருந்து படிப்பான். முதலில் நாட்டைக் கண்டடைவான், பிறகு குலத்தை, பிறகு ஆளை."

அது 'மாலை பூ நாடு' என்றும், 'மாலை பொழுது நாடு' என்றும் எழுதியது. மை காயுமுன் 'ப்' ஓடிவந்து இரண்டிலும் நுழைந்தது.

"மாலைப்பூ! மாலைப்பொழுது! நெருங்கி நிற்கும் சொற்களுக்கு நடுவே புகுவது என் உரிமை. இலக்கணத்தைப் பாருங்கள்."

பெயரும் குலமும் ஒட்டிக்கொண்டன. மாலை என்று தனித்து நிற்க இருவராலும் முடியவில்லை. அகரம் இடைவெளி விட்டு எழுதிப் பார்த்தது. 'ப்' இடைவெளியிலும் நுழைந்தது.

அப்போது ஆய்தம் எழுந்தது.

"ஆண்டுக்கு நாலு சொல்லில் தலைகாட்டுகிறவருக்கு இங்கே என்ன வேலை?" என்று 'ப்' சிரித்தது.

ஆய்தம் தன் புள்ளிகளுள் ஒன்றைப் பிடுங்கி அகரத்திடம் நீட்டியது. அகரம் அதை எழுத்தின் தலைமேல் வைக்கப் போயிற்று. ஆய்தம் அதன் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது. தலையில் ஏறும் புள்ளி எழுத்தின் உயிரை நீக்கும். காலடியில் நிற்கும் புள்ளி வழியை மட்டும் மறிக்கும்.

மாலை.பூ.நாடு. மாலை.பொழுது.நாடு.

'ப்' மீண்டும் பாய்ந்தது. புள்ளியில் மோதி விழுந்தது. "இது இலக்கணத்திலேயே இல்லை!"

"இனி இருக்கும்," என்ற அகரம், அந்தப் புள்ளியையே அச்சாகக் கொண்டு ஏடு முழுவதும் பதித்தது.

அந்தியார் மெல்லக் கேட்டார்: "இவள் வாடிவிடுவாளே. அதன் பிறகும் ஏடு இவள் பெயரைச் சுமக்குமா?"

"ஆண்டுக்கொரு முறை வந்து புதுப்பிக்க வேண்டும். வராதவர் பெயர் கேட்பவருக்குப் போகும்."

"என் கொடியில் தினமும் புதிதாய்ப் பூக்கிறது, ஐயா. நீங்கள் மறக்காமல் வாருங்கள்," என்றாள் பூமகள்.

"நான் தினமும் வருகிறவன், அம்மா!"

"ஆண்டுக்கு ஒரு முறை போதும்," என்றது அகரம்.

இணைய முகவரியில் நாடு கடைசியில் நிற்பதும், சொற்களுக்கிடையே காலடியில் ஒரு புள்ளி காவலிருப்பதும், ஆய்தத்துக்கு மூன்றே புள்ளிகள் எஞ்சியதும் அன்று முதல்தான். அகரம் அதற்கு நன்றி சொல்ல நிமிர்ந்தபோது, அஃது ஏற்கெனவே வாசலைக் கடந்துகொண்டிருந்தது.