பெஞ்சுப் படகு

“கிரீடத்தைக் கழட்டிரலாம்னு இருக்கேன், வாத்தியாரம்மா.”

பூவலிங்கம் இதைச் சொன்னபோது வாத்தியாரம்மா ஆர்மோனியத்தின் மேல்பலகையைத் திறந்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தார். தூசி பறந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமையோட சரி. அதுக்கப்புறம் வேற ராஜாவைப் பார்த்துக்கங்க.”

ஞாயிறுதோறும் நடக்கும் மகிழவல்லி நாடகத்தில் பூவலிங்கம்தான் ராஜா. வயது அறுபதைத் தொடப் போகிறது. வாத்தியாரம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. கூடப் பிறந்திருந்தால் கடைசித் தங்கச்சியாக இருந்திருப்பார்.

ஆனால் குரு குருதான்.

பூவலிங்கம் ஊர் ஊராகப் பாடிப் பேரும் மாலையும் வாங்கிய பிறகு, ஒருநாள் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் இந்தப் பெண்பிள்ளை கேட்டார்: “ஏண்ணே, உங்க தொண்டை ஒரு பக்கம் போகுது, சுருதி ஒரு பக்கம் போகுது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?” கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூவலிங்கம் சிரிக்கவில்லை. மறுநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இவர் வாத்தியாரம்மா. இவருக்கு அவர் அண்ணன்.

“யாரும் பாதியில எந்திரிச்சுப் போனாங்களா?” என்று கேட்டார் வாத்தியாரம்மா.

“போயிருந்தாத்தான் நிம்மதியாச்சே! முன்வரிசையில மூணு பேர். இளவட்டம். ஒரு வாரம் தப்பாம வருதுங்க. பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. கை தட்டுறது கிடையாது. ஒன்ஸ்மோர் கேட்கிறது கிடையாது.”

ஒன்ஸ்மோர் என்றால் பூவலிங்கத்துக்கு உயிர். நாடகத்தின் கடைசியில், எதிரி நாட்டோடு சமாதானம் வேண்டி ராஜா தன் ஒரே மகளை அங்கே கட்டிக்கொடுத்துப் படகேற்றி அனுப்புகிறார். படகு என்பது சக்கரம் வைத்த ஒரு பெஞ்சு. மகள் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து கயிறு போட்டு இழுப்பார்கள். ராஜா பாடப் பாடப் படகு போய் மறையும். கொட்டகை ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தும். உடனே போன படகு மகளோடு திரும்பி வரும். ராஜா மறுபடி முதலிலிருந்து அழுது அனுப்புவார். சில ஞாயிறுகளில் அந்தப் பெண் ஆற்றைக் கடப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இதில் ஏதோ இடிக்கிறது என்று அந்தக் குழுவில் யாருக்கும் தோன்றியதில்லை.

“சின்னப் பிள்ளைங்களுக்கே பிடிக்கலேன்னா, என் குரல் முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்?” என்றார் பூவலிங்கம்.

“அவங்க பேரு என்ன?”

“தெரியாது.”

“என்ன பிடிக்கும் அவங்களுக்கு?”

“அதான் சொன்னேனே, நான் பாடறது பிடிக்கலை.”

“பிடிக்காதது சரி. பிடிக்கிறது?”

வாத்தியாரம்மா பலகையை மூடினார். “பேரு தெரியாதவங்களுக்காகக் கிரீடத்தைக் கழட்டலாமா? போய்ப் பழகிட்டு வாங்க. ஒண்ணு மட்டும். ‘என் பாட்டு எப்படி’ன்னு கேட்கக் கூடாது.”

அது எவ்வளவு பெரிய தண்டனை என்று பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

*

மூன்று பேரில் ஒரு பெண் பஜாரில் செல்போன் பழுதுபார்க்கிறாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். பூவலிங்கம் நன்றாக இருந்த தன் போனை எடுத்துக்கொண்டு போனார்.

“என்ன பிரச்சினை?”

“சத்தம் சரியாக் கேட்கலைம்மா.”

அவள் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். “நல்லாத்தானே கேட்குது?” என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். “அய்யய்யோ, ராஜா!”

பேர் பர்வீன். கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டு மற்ற இருவருக்கும் போன் செய்தாள். ஜிகர்தண்டா கடைக்கு ரெக்ஸி வந்தான், நர்சிங் படிக்கிறவன். பால் வேனை வாசலில் போட்டுவிட்டு மூக்கையா வந்தான். மூவரும் கொட்டகையில் பழக்கமானவர்கள். ராஜாவை நடுவில் உட்காரவைத்தார்கள்.

“உங்களுக்கெல்லாம் நாடகத்துல என்னப்பா பிடிக்கும்?” என்றார் பூவலிங்கம். குருவின் சொல்லைக் காப்பாற்றிவிட்டார். மனசுக்குள் அவருடைய நீண்ட ஆலாபனை, ஊரே கொண்டாடும் அந்த ஆலாபனை, மணமேடையில் மாப்பிள்ளை மாதிரி காத்திருந்தது.

“எனக்குப் பபூன்தான்” என்றான் மூக்கையா. “நீங்க வந்தா எனக்குக் கொட்டாவி வந்துரும்யா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“நினைக்கலை தம்பி” என்றார் ராஜா. நினைத்தார்.

“இவன் ரசனை அவ்வளவுதான் சார்” என்றான் ரெக்ஸி. “நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்பேன். கடைசிப் பாட்டுல, ஆலாபனையெல்லாம் முடிஞ்சு...”

“முடிஞ்சு?”

“ஒரு இடத்துல சட்டுன்னு நிறுத்துவீங்க. ஆர்மோனியம் மட்டும் தனியாப் போகும். அந்த ராஜாவுக்கு அடுத்த வார்த்தை கிடைக்கலை பாருங்க. அந்த இடம் சார்.”

பூவலிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. அது மூச்சு வாங்குகிற இடம். ரெண்டு மூணு வருஷமாக வந்த வினை.

“அது கிடக்கட்டும்டா” என்றாள் பர்வீன். “மகள் படகுல ஏறும்போது, உட்கார்றதுக்கு முன்னால, நீங்க தோள்ல கிடக்கிற துண்டை எடுத்துப் படகைத் துடைப்பீங்கள்ல? நான் அதுக்குத்தான் வர்றேன்.”

“துடைக்கிறேனா?”

“ஒவ்வொரு தடவையும். எங்க அத்தா என்னைப் பள்ளிக்கூடத்துல விடறப்போ வண்டி சீட்டைக் கையால துடைச்சுட்டுத்தான் உட்காரச் சொல்லுவாரு. தூசி இருக்கோ இல்லையோ.” கொஞ்ச நேரம் கரண்டியால் ஐஸைக் கிண்டினாள். “இப்ப பஸ்ஸுல நானே துடைச்சுக்கிறேன்.”

பூவலிங்கத்துக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பெஞ்சில் எப்போதும் தூசி. மகளாக நடிக்கும் கனகத்திடம் இருப்பதோ ஒரே ஒரு பட்டுப்புடவை. அவ்வளவுதான் விஷயம்.

“எனக்கும் ஒண்ணு இருக்குய்யா” என்றான் மூக்கையா, சுவரைப் பார்த்துக்கொண்டு. “கடைசியில ‘போய் வா’ன்னு சொல்லும்போது உங்க குரல் பிசிறடிக்கும். அதைக் கேட்டுட்டுப் போனா அந்த வாரம் பூரா யார்கிட்டயும் சண்டை போடத் தோணாது.”

அந்தப் பிசிறைப் போக்கத்தான் பூவலிங்கம் ஒவ்வொரு ஞாயிறும் மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

*

“ஒருத்தர்கூட ஆலாபனையைப் பத்தி வாயைத் திறக்கலை, வாத்தியாரம்மா” என்றார் திரும்பி வந்த பூவலிங்கம். “ஆனா, பிடிச்சது என்னன்னு தெரிஞ்சுபோச்சு. விட்டேனா பாருங்க!”

ஞாயிறு வந்தது. பூவலிங்கம் கஷாயம் குடிக்கவில்லை. படகு வந்ததும் துண்டை உதறி எடுத்தார். பெஞ்சின் தலையிலிருந்து கால்வரை, மாப்பிள்ளைக்குப் பாய் விரிப்பதுபோல நீளத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பர்வீனைப் பார்த்தார். பாட்டின் நடுவில் நிறுத்தினார். ஆர்மோனியம் ஒரு சுற்றுப் போனது, இன்னொரு சுற்றும் போனது. ரெக்ஸியைப் பார்த்தார். கடைசியில் ‘போய் வா’ என்று குரலை உடைத்தார். தேங்காய் மாதிரி உடைந்தது.

பர்வீன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸி கண்ணைத் திறந்துவிட்டான். மூக்கையா கொட்டாவி விட்டான்.

நாடகம் முடிந்ததும் மூவரும் டீக்கடையில்கூட நிற்கவில்லை.

“கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன்” என்றார் பூவலிங்கம் வாத்தியாரம்மாவிடம். “எடுத்துக்கலையே!”

“பெஞ்சைத் துடைச்சீங்களே, தூசி இருந்துச்சா?”

“இல்லை. இன்னைக்கு நானே ஆளை வச்சு முதல்லயே சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன்.”

“அப்ப எதைத் துடைச்சீங்க?”

பூவலிங்கம் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி ஆர்மோனியத்தின்மேல் வைத்தார். நாற்பது வருஷம் அந்தத் தலையில் ஏதாவது ஒரு கிரீடம் இருந்திருக்கிறது.

வாத்தியாரம்மா அதை எடுத்து அவர் தலையிலேயே திரும்ப வைத்தார்.

“இன்னும் ஒரு ஞாயிறு கட்டுங்கண்ணே. அப்புறம் கழட்டலாம். அட்டைதானே, துருவா பிடிக்கப்போகுது?”

*

அடுத்த ஞாயிறு மூவரும் வந்தார்கள். ஆனால் முன்வரிசையில் உட்காரவில்லை. நடுவில் எங்கோ தள்ளி உட்கார்ந்தார்கள். பூவலிங்கம் பார்த்தார். ‘சரி, கடைசி நாள்’ என்று மனசைத் தேற்றிக்கொண்டார். யாரையும் பார்ப்பதில்லை, வந்ததைப் பாடிவிட்டுப் போவது என்று முடிவு செய்தார்.

ஆற்றங்கரைக் காட்சி. பெஞ்சைத் தள்ளி வந்து நிறுத்தினார்கள், மேடையோரம் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த வாத்தியாரம்மாவுக்குக் கையெட்டும் தூரத்தில்.

கனகம் பட்டுப்புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனாள்.

வாத்தியாரம்மா பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, பெஞ்சின்மேல் தண்ணீரை ஊற்றினார்.

பூவலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘ஒரே புடவை!’ துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார். பரபரவென்று துடைத்தார். பலகை இடுக்கில் நின்ற தண்ணீரைத் துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தார். உள்ளங்கையை வைத்துத் தடவி, காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகுதான் “உட்காரும்மா” என்றார். அது வசனத்தில் இல்லாத வார்த்தை.

கனகம் உட்கார்ந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

குனிந்து நிமிர்ந்ததில் பூவலிங்கத்துக்கு மூச்சு இரைத்தது. பாட்டை எடுத்தார். ஆலாபனைக்குத் தெம்பில்லை, பாதியில் விட்டார். நடு அடியில் மூச்சு நின்றேவிட்டது. ஆர்மோனியம் தனியாக, மெதுவாக, அவருக்காகக் காத்துக்கொண்டு போனது. வாத்தியாரம்மா தலை நிமிரவில்லை. பூவலிங்கம் ஈரத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். சின்ன வயதிலிருந்து இந்தக் குழுவில் வளர்ந்த பெண் கனகம். நாளைக்கு ராஜா வேறு ஆள். அவள் புடவை நனையாமல் யார் பார்ப்பார்கள்?

“போய் வா” என்றார்.

அந்த வார்த்தை பாட்டாக வரவில்லை. பாதி வந்தது, மீதி உள்ளேயே நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தார்கள். படகு போய் மறைந்தது.

கொட்டகை வெடித்தது. “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” பெரியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பழக்க தோஷம், உள்ளேயிருந்து படகு கனகத்தோடு உருண்டு திரும்பி வந்தது.

பூவலிங்கம் தொண்டையைச் செருமினார். நாற்பது வருஷமாக இந்தச் சத்தத்துக்காகத்தானே!

அப்போது நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். மூக்கையா. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினான்.

“ஐயா, வேணாம்யா! ஒருக்கா போனதே தாங்கலை. போன பிள்ளையை எதுக்குத் திரும்பக் கூப்பிடுறீங்க?”

கொட்டகை அடங்கியது.

பூவலிங்கம் அவனைப் பார்த்தார். அவன் பக்கத்தில் ரெக்ஸி கண்ணை மூடியபடியே இருந்தான். பர்வீன் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த ஈரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை ஞாயிறும் இவர்கள் ஒன்ஸ்மோர் கேட்காமல் உட்கார்ந்திருந்தது இதனால்தானா!

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். மாலை போட்டவர்களுக்கும் பட்டம் கொடுத்தவர்களுக்கும்கூட அவர் அப்படிக் குனிந்ததில்லை.

பிறகு படகின்மேல் கையை வைத்தார்.

“நீ போயிட்டேம்மா” என்றார் கனகத்திடம். மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்.

வாத்தியாரம்மா ஆர்மோனியத்தை மூடினார்.

*

உள்ளே, கொடியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் பூவலிங்கம். வாசலில் மூன்று பேரும் டீ கிளாஸோடு நிற்பது தெரிந்தது. நான்காவதாக ஒரு கிளாஸ் அங்கே கிடந்த பெஞ்சின்மேல் ஆறிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு நான் என்ன செஞ்சு தீர்க்கப்போறேன், வாத்தியாரம்மா?”

“போய் டீயைக் குடிங்க. ஆறிப்போகுது.”

இரண்டு அடி நடந்தவர் திரும்பினார்.

“ஆமா, அடுத்த வாரமும் தண்ணி ஊத்துவீங்களா?”

வாத்தியாரம்மா அவர் தலையிலிருந்த கிரீடத்தைப் பார்த்தார்.

“அடுத்த வாரமா?” என்றார்.